தோற்ற நாடு

2017இல் கோஸ்டா ரிக்காவில் மூன்று மாதம் வேலை பார்த்தேன். ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனம். அவர்களுடைய ஏற்றுமதிப் பதிவுகளைப் பழைய கணினி அமைப்பிலிருந்து புதியதற்கு மாற்றவேண்டும். இருபது வருடமாக நான் செய்துவருவது இதைத்தான். நாடு மாறும், சரக்கு மாறும், அட்டவணை மட்டும் மாறாது. சரக்குக் குறியீடு, எடை, மதிப்பு, சேரும் நாடு, தோற்ற நாடு. இந்தக் கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் பதிவை எந்த அமைப்பும் ஏற்காது.

சேரும் நாடு ஜமைக்கா என்று இருந்த பதிவுகளை ஒருநாள் தனியே பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதப்படுத்திய உணவு, கண்ணாடிப் புட்டி, காகிதப் பெட்டி, பிளாஸ்டிக் சாமான். சுங்கத்தில் வாழைக்கு உள்ள குறியீடு 0803. அந்தக் குறியீட்டில் ஒரு வரிகூட இல்லை. அதில் வியப்பில்லைதான். வாழை விளையும் ஊருக்கு யார் வாழை அனுப்புவார்கள்? ஆனால் இந்த இரண்டு நாட்டையும் சேர்த்துக் கட்டியதே வாழைநார்தான் என்று அந்த வாரக் கடைசியில் லிமோன் துறைமுகத்துக்குப் போனபோது தெரிந்தது. அதற்குமுன் எனக்கு மார்க்கஸ் கார்வியின் பெயர் தெரியும், ஜமைக்கா ரம் தெரியும், அவ்வளவே.

கதை ஏறத்தாழ ஒரே சமயத்தில் இரண்டு கரைகளில் தொடங்குகிறது. 1870இல் லொரென்சோ டௌ பேக்கர் என்ற அமெரிக்கக் கப்பல்தலைவர் ஜமைக்காவின் போர்ட் மோரன்ட்டில் 160 வாழைக்குலைகளைக் குலை ஒன்று ஒரு ஷில்லிங் என்று வாங்கித் தன் பாய்மரக் கப்பலில் ஏற்றினார். பதினொரு நாளில் நியூயார்க்கை ஒட்டிய ஜெர்சி சிட்டியில் இறக்கிக் குலை இரண்டு டாலருக்கு விற்றார். பழம் வழியிலேயே பழுத்திருந்தால் கடலில் கொட்டியிருப்பார், பிறகு வந்த வரலாறும் வேறாக இருந்திருக்கும். அவர் ஏற்றிய வகை கிரோ மிஷல். தோல் தடித்தது, அடிபட்டால் தாங்கும், குலை குலையாகவே அடுக்கலாம். மார்ட்டினிக் தீவு வழியாக 1830களில் ஜமைக்காவுக்கு வந்த வகை அது. இன்று கடையில் கிடைக்கும் கேவண்டிஷ் அதன் இடத்தைப் பிடிக்க இன்னும் தொண்ணூறு ஆண்டு இருந்தது.

அடுத்த ஆண்டு, 1871இல், கோஸ்டா ரிக்காவின் ஆட்சியாளர் தோமாஸ் குவார்தியா ஒரு ரயில்பாதைக்கு ஒப்பந்தம் போட்டார். மலைநாட்டில் விளையும் காப்பியை அட்லாண்டிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். அதுவரை காப்பி பசிபிக் கரையில் ஏறித் தென்னமெரிக்காவின் கீழ்முனையைச் சுற்றிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போனது. பாதை போடும் பொறுப்பு கடைசியில் மைனர் கீத் என்ற இளைஞரிடம் வந்து சேர்ந்தது. சதுப்பு, மழை, மலேரியா, மஞ்சள் காய்ச்சல். மலைநாட்டு மக்கள் அந்தக் கரைக்கு வேலைக்கு வர மறுத்தார்கள். முதல் நாற்பது கிலோமீட்டருக்கே நாலாயிரம் பேர் செத்தார்கள் என்று லிமோனில் எல்லோரும் சொல்கிறார்கள். யாரும் அப்போது கணக்கு எழுதி வைக்கவில்லை என்பதால் அந்த எண்ணை நான் அப்படியே ஏற்கமாட்டேன். எழுதாமல் விட்டதே என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறது.

ஆள் எங்கே கிடைப்பார்கள்? ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் வடகிழக்கே ஜமைக்காவில். அடிமை முறை ஒழிந்து ஒரு தலைமுறை கழிந்திருந்தது. கரும்பு விலை விழுந்து, நிலமில்லாத மக்கள் கூலிக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். 1872 டிசம்பரில் ‘லிஸ்ஸி’ என்ற கப்பல் நூற்றுச் சொச்சம் ஜமைக்கர்களை லிமோனில் இறக்கியது. இந்த இரு நாட்டுச் சரக்குப் போக்குவரத்தின் முதல் பெரிய சரக்கு மனிதர்கள்தான். இதை எழுதக் கை கூசுகிறது. அந்தக் காலக் கணக்குப் புத்தகங்களில் அவர்களும் அப்படித்தான் இருந்தார்கள்.

ரயில்பாதை முடிய 1890 ஆயிற்று. இடையில் பணம் பலமுறை வற்றியது. பாதி போட்ட பாதையில் என்னத்தை ஏற்றுவது? கீத் இருபுறமும் வாழை நட்டார். சம்பளம் கிடைக்காத ஜமைக்கர்கள் பலரும் பாதையோரக் காட்டை வெட்டித் தாங்களே வாழை வைத்து அவருக்கே விற்றார்கள். 1884இல் அரசு கீத்துடன் புது ஒப்பந்தம் போட்டது. பாதையை முடித்துக்கொடுத்தால் 99 ஆண்டுக்கு அதை நடத்தும் உரிமை, கூடவே எட்டு லட்சம் ஏக்கர் நிலம். காப்பிக்காகப் போட்ட பாதை வாழைப் பாதை ஆனது. 1899இல் கீத்தின் தோட்டங்களும் பேக்கரின் பாஸ்டன் ஃப்ரூட் கம்பெனியும் ஒன்றாகி யுனைட்டெட் ஃப்ரூட் கம்பெனி ஆயின. போர்ட் மோரன்ட்டில் தொடங்கிய கோடும் லிமோனில் தொடங்கிய கோடும் இந்த இடத்தில் சேர்கின்றன. முதல் உலகப் போருக்கு முந்தைய ஆண்டில் கோஸ்டா ரிக்கா ஒரு கோடிக்கு மேல் குலைகளை ஏற்றுமதி செய்தது.

கம்பெனியின் வெள்ளைக் கப்பல்கள் கிங்ஸ்டனையும் லிமோனையும் தொட்டுப் போயின. பழம் அமெரிக்காவுக்குப் போனது. இரண்டு கரைக்கும் நடுவே போனவை சின்னச் சின்னப் பொருள்கள். கருவாடு மாதிரி உப்பிட்ட காட் மீன், ஈரப்பலா, மிளகாய், பைபிள், ஆங்கிலப் பள்ளிகளுக்கான ‘ராயல் ரீடர்’ பாடநூல்கள். அக்கி என்ற பழ மரமும் அப்படித்தான் கடல் தாண்டியது. அது மேற்கு ஆப்பிரிக்காவின் மரம். காய் தானாக வெடிப்பதற்கு முன் தின்றால் நஞ்சு. அதை எப்போது பறிக்கவேண்டும் என்ற அறிவும் மரத்தோடு சேர்ந்து வரவேண்டியிருந்தது. எந்தச் சுங்கப் பதிவிலும் இவை பெரிதாக இடம்பிடித்திருக்காது. ஆனால் லிமோனில் இன்று எஞ்சி நிற்பவை இவைதான்.

1910இல் கார்வியே லிமோனுக்கு வந்து வாழைத்தோட்டத்தில் ஆட்களின் வேலைநேரம் குறிக்கும் வேலை பார்த்தார். பிறகு 1919இல் கறுப்பின மக்களே முதல் போட்டு, அவர்களுடைய சரக்கை அவர்களே ஏற்றிச் செல்வதற்கென்று ‘பிளாக் ஸ்டார் லைன்’ கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். மூன்றே ஆண்டில் அது நின்றுபோனது. அதன் பெயரை வைத்து லிமோன் மக்கள் 1922இல் கட்டிய மரக்கட்டடம் மட்டும் 2016 ஏப்ரல் வரை நின்றது, அப்போது தீயில் எரிந்தது. நான் பார்த்தது கரிந்த மனையைத்தான். எதிரே ஒரு பெரியவர் நிழலில் உட்கார்ந்து டோமினோ ஆடிக்கொண்டிருந்தார். “கப்பல் போச்சு, கட்டடமும் போச்சு, நாங்க இருக்கோம்” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டார்.

வாழைக்கு நோய் வந்தது. பனாமா நோய் என்று பெயர். மண்ணில் வாழும் பூஞ்சை. கிரோ மிஷலைத் தாக்கினால் அந்த நிலத்தை விட்டுப் போவதைத் தவிர வழியில்லை. 1930களில் கம்பெனி லிமோனை விட்டுப் பசிபிக் கரைக்கு நகரத் தொடங்கியது. 1934 ஆகஸ்டில் பெரும் வேலைநிறுத்தம். சம்பளத்தைக் கம்பெனிக் கடைச் சீட்டாகத் தராதே, காசாகக் கொடு என்பதும் கோரிக்கைகளில் ஒன்று. அதே டிசம்பரில் நாடாளுமன்றம் கம்பெனியோடு புது ஒப்பந்தத்தை நிறைவேற்றியது. பசிபிக் பகுதித் தோட்டங்களில் ‘நிறமுள்ளவர்களை’ வேலைக்கு வைக்கக்கூடாது என்று அதில் ஒரு விதி.

இதை வாசித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு வெளியே நடந்துவிட்டு வந்தேன். வாழைக்கன்று இடம் மாறலாம், தண்டவாளம் மாறலாம், கம்பெனி மாறலாம். அறுபது வருடம் அதை வளர்த்தவன் மட்டும் மாறக்கூடாது. துரியால்பா ஊரைத் தாண்டிக் கறுப்பர்கள் மேலே வரக்கூடாது என்று சட்டமே இருந்ததாக லிமோனில் சொல்வார்கள். வரலாற்று ஆய்வாளர்கள் தேடிப் பார்த்துவிட்டார்கள். அப்படி எழுதப்பட்ட சட்டம் எதுவும் கிடைக்கவில்லை. எழுதாத சட்டத்தைத்தான் மக்கள் நன்றாக நினைவில் வைத்திருக்கிறார்கள் போலும். இந்த 1934 விதி எழுதப்பட்டது, அச்சிடப்பட்டது, எண்ணும் தேதியும் உள்ளது.

அவர்கள் அப்போது யாருடைய குடிமக்கள்? ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள். லிமோனில் பிறந்த பிள்ளைகளுக்குக் கோஸ்டா ரிக்கக் குடியுரிமை தானாக வரவில்லை. பிறந்தது இங்கே, பேச்சு ஆங்கிலம், தாத்தா சொன்ன ஊர் அங்கே. 1948 உள்நாட்டுப் போருக்குப் பின் ஹோசே ஃபிகரெஸ் ஆட்சியில்தான், 1949ஐ ஒட்டி, அந்த விதி நீக்கப்பட்டுக் குடியுரிமைக்கும் வழி திறந்தது. ‘லிஸ்ஸி’ கரை சேர்ந்து 77 ஆண்டு.

பின்னாளில் இந்த இரண்டு நாடுகளும் வாழைக்காகவே எதிரெதிரே நின்றன. பிரிட்டனின் பழைய காலனிகளுக்கு ஐரோப்பா சுங்க வரியில் சலுகை கொடுத்தது. அந்தச் சலுகையில் ஜமைக்கா தன் வாழையை விற்றது. 1993இல் ஐரோப்பா அதற்குப் பொது விதி கொண்டுவந்தபோது வழக்குப் போட்ட ஐந்து இலத்தீன் அமெரிக்க நாடுகளில் கோஸ்டா ரிக்காவும் ஒன்று. ‘வாழைப் போர்’ என்று பத்திரிகைகள் சிரித்தன. லிமோன் பக்கத்துத் தோட்டத்தில் ஜமைக்கரின் பேரன் வெட்டும் குலையும், ஜமைக்காவில் அவன் தூரத்து உறவினன் வெட்டும் குலையும் ஒரே ஐரோப்பியக் கடைக்காகப் போட்டி போட்டன. 2004, 2007, 2008 புயல்கள் ஜமைக்காவின் பக்கத்து வழக்கை முடித்துவைத்தன. 2008க்குப் பிறகு அங்கே வாழை ஏற்றுமதி நின்றது.

கோஸ்டா ரிக்காவும் கரீபியன் கூட்டமைப்பும் தடையற்ற வணிக ஒப்பந்தத்தில் 2004 மார்ச்சில் கையெழுத்திட்டன. இடம் கிங்ஸ்டன். ஆனாலும் ஜமைக்காவுக்கும் கோஸ்டா ரிக்காவுக்கும் இடையே அது நடைமுறைக்கு வந்தது 2015 ஜூன் முதல் தேதிதான். டிரினிடாட் பத்தாண்டு முந்திக்கொண்டது. இன்று சரக்கு பெரும்பாலும் ஒரே திசையில் போகிறது, கோஸ்டா ரிக்காவிலிருந்து ஜமைக்காவுக்கு. கிங்ஸ்டன் வியாபாரிகளுக்கு அதில் மனக்குறை உண்டு. நியாயமான குறை என்றே நினைக்கிறேன்.

அந்த ஒப்பந்தத்தில் ‘தோற்ற விதிகள்’ என்று ஒரு பகுதி உண்டு. என் வேலைக்காக அதை வரி வரியாக வாசித்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த மூலப்பொருள் ஒரு நாட்டில் போதுமான அளவு உருமாறிவிட்டால் அது அந்த நாட்டுப் பொருளாகிவிடும். வேறு குறியீட்டுக்கு மாறினால் போதும் என்பது பல பொருள்களுக்கான விதி. கோதுமை மாவு பிஸ்கட் ஆனால், பிஸ்கட் செய்த நாடுதான் அதன் நாடு. மாவு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

லிமோனில் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு ஒரு சின்னக் கடைக்குப் போனேன். அரிசியும் பீன்ஸும் தேங்காய்ப்பாலில் வெந்தது. தலைநகரில் அதே இரண்டையும் காலையில் எண்ணெயில் வதக்கித் தருகிறார்கள், தேங்காய் கிடையாது. முதல் வாயிலேயே தேங்காய்ப்பால் சோறு நினைவுக்கு வந்து கொஞ்சநேரம் பேசாமல் சாப்பிட்டேன். கடைக்கார அம்மா பக்கத்தில் வந்து என் முகத்தைப் பார்த்து, “நீ குலியா?” என்றார்.

அது வசவு என்று முதலில் நினைத்தேன். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். ஜமைக்காவுக்கு 1845 மே மாதம் முதல் கப்பலில் இந்திய ஒப்பந்தக் கூலிகள் வந்தார்கள். அந்தக் கப்பல் கல்கத்தாவிலிருந்து வந்தது; அடுத்து வந்தவற்றில் சில சென்னையிலிருந்து. 1917 வரை மொத்தம் 36,000 பேருக்கு மேல். கரும்பு சரிந்தபின் அவர்களில் பலர் வேலை செய்தது ஜமைக்காவின் வாழைத்தோட்டங்களில். அவர்களிலும் சிலர் லிமோனுக்குக் கப்பலேறியிருக்கிறார்கள். அந்தச் சந்ததியை இங்கே இப்போதும் அப்படித்தான் அழைக்கிறார்கள். செய்த வேலைக்குக் கொடுக்கும் காசுக்கு நாம் வைத்த பெயர், இரண்டு கடல் தாண்டி, ஸ்பானிஷ் எழுத்தில் ஓர் இனத்தின் பெயராகி, என் தட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

“ஆமாம், ஆனா ஜமைக்கா வழியா இல்ல, கனடாவிலிருந்து” என்றேன். அவர் சிரித்தார். “அப்ப உங்க தாத்தா எந்த ஊர்?” என்று கேட்டார். சொன்னேன். உச்சரித்துப் பார்த்தார், வரவில்லை. தன் தாத்தா ஊரைச் சொன்னார்: செயின்ட் மேரி. போனதுண்டா என்று கேட்டேன். இல்லை, இங்கிருந்து நேரே போக விமானம் இல்லை, பனாமா போய் மாறவேண்டும், செலவு அதிகம் என்றார். அவர் கடையில் அலமாரி நிறைய சாஸ் புட்டிகள் இருந்தன. ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். கோஸ்டா ரிக்காவில் செய்தது, ஜமைக்கா மிளகாய்ச் சுவை என்று போட்டிருந்தது.

திங்கட்கிழமை அலுவலகத்தில் சோதனைப் பதிவுகளை ஓடவிட்டோம். பதினேழு பதிவுகள் தள்ளுபடியாயின. எல்லாவற்றிலும் ஒரே பிழை: தோற்ற நாடு காலி. உடன் வேலை பார்த்த பையனைக் கூப்பிட்டு, ஒவ்வொன்றாகக் கிடங்குக்குப் போன் போட்டுக் கேட்கச் சொன்னேன்.