வேண்டாக் குறிகளின் வரலாறு

பழைய ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்தோர் முதலிற் செய்த வேலை, ஏடெழுதுவோன் பிழையையும் நூலாசிரியன் சொல்லையும் வேறுபிரித்தறிதலாகும். அதற்கு மொழியறிவு மட்டும் போதாது. ஏடு எழுதப்பட்ட முறையையும் அறிந்திருத்தல் வேண்டும். இன்று நூல்களைக் கணினியிற் பேணுவோரும் இதனையொத்த பணியையே மேற்கொள்கின்றனர். எழுத்துக்கோப்பு ஒன்றைத் திறந்தால் வரிதோறும் ஈற்றிலே பொருளற்ற குறியொன்று நிற்கின்றது. தொடக்கத்திலே கண்ணுக்குப் புலப்படாத மூன்று பைட்டுகள் மறைந்து கிடக்கின்றன. பார்வைக்கு ஒன்றாகவே தோன்றும் இரு சொற்களைக் கணினி வேறுவேறு எனக் கொள்கின்றது. கட்டளைவரியிலே ஓரிரு சொற்களைத் தட்டி இவற்றையெல்லாம் களைந்துவிடலாம். ஆயின், களையெடுப்பவன் பயிரை அறிந்தவனாதல் வேண்டும். இக்குறிகள் எங்கிருந்து வந்தன, இவற்றை ‘வேண்டாதவை’ என வகுத்தவர் யாவர் என்பனவற்றை நோக்குதல் நமக்கு இன்றியமையாததாகின்றது.

குறிகள் பொறிகளின் தேவையிலிருந்து பிறந்தவை. 1901 ஆம் ஆண்டளவில் நியூசிலாந்தைச் சேர்ந்த டொனால்ட் மறே என்பவர், பிரெஞ்சுப் பொறியியலாளர் போடோவின் ஐந்தலகுத் தந்திக் குறிமுறையைத் தட்டச்சுப் பலகைக்கு ஏற்றவாறு திருத்தியமைத்தார். அச்சுவண்டியை இடது ஓரத்துக்கு மீட்கும் குறியும், தாளை ஒரு வரி மேலேற்றும் குறியும் தந்தி முறையில் இடம்பெற்றது அப்பொழுதேயாம். இவை எழுத்துக்களல்ல, பொறிக்கு இடப்பட்ட ஏவல்கள். தொலையச்சுப்பொறி இரு வேறு அசைவுகளால் இயங்கியமையின் வரி முடிவுக்கு இரு குறிகள் வேண்டப்பட்டன. வண்டி ஓரத்துக்கு மீளச் சிறிது நேரம் பிடித்தமையால் மீட்குங் குறியை முதலிலும் வரியேற்றுங் குறியைப் பின்னரும் அனுப்பும் ஒழுங்கு நிலைபெற்றது.

1963 இல் ஐக்கிய அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆஸ்கி என்னும் குறிமுறை இவ்வேவல்களைத் தன்னகத்தே ஏற்றுக்கொண்டது. அதன் 128 இடங்களுள் 33 இத்தகைய கட்டுப்பாட்டுக் குறிகளுக்கு ஒதுக்கப்பட்டன. வரியேற்றுங் குறிக்கு 10 ஆம் எண்ணும், வண்டியை மீட்குங் குறிக்கு 13 ஆம் எண்ணும் கிடைத்தன. அழித்தற்குறிக்கு வழங்கப்பட்ட 127 ஆம் எண்ணின் வரலாறு சுவையானது. துளையிட்ட தாள்நாடாவில் ஒருமுறை இட்ட துளையை அடைக்க முடியாது. எனவே பிழையான எழுத்தின்மீது ஏழு துளைகளையும் இட்டு, அவ்விடத்தைப் பொருட்படுத்தாது செல்லுமாறு பொறிக்கு உணர்த்தினர். ஏழு துளைகளும் நிறைந்த அவ்வடிவமே 127. நீக்கப்பட்ட எழுத்து அங்கு மறைந்துவிடவில்லை. தன் இடத்திலே வடுவாக எஞ்சி நின்றது.

ஆஸ்கி அமெரிக்க ஆங்கிலத்தின் தேவையை மனங்கொண்டு வகுக்கப்பட்டது. ஆங்கிலச் சிற்றெழுத்துக்களே 1967 ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அதில் நிலையான இடம்பெற்றன. 1968 மார்ச்சில் ஜனாதிபதி ஜோன்சன், கூட்டாட்சி அரசாங்கம் வாங்கும் கணினிகள் இம்முறையைக் கையாளவேண்டுமெனப் பணித்தார். பெரும் சந்தையும் அரச ஆணையும் ஒருங்கே துணைநின்றமையால், ஒரு நாட்டின் அலுவலகத் தேவைக்கு வகுத்த பட்டியல் காலப்போக்கில் உலகின் அளவுகோலாயிற்று.

இவ்வளவுகோலின்மீதே 1969 இல் பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சன், டெனிஸ் றிச்சி ஆகியோரின் யுனிக்ஸ் உருவாகத் தொடங்கியது. மெதுவாக இயங்கும் தொலையச்சுப்பொறியிலேயே அவர்கள் கட்டளைகளைத் தட்டினர். கட்டளைகளின் பெயர்கள் இரண்டு மூன்று எழுத்துக்களாகச் சுருங்கியமைக்கு இதுவும் ஒரு காரணம். சிறு செய்நிரல்களைத் தோட்டத்து நீர்க்குழாய்களைப் போல ஒன்றோடொன்று பொருத்தவேண்டும் என்று 1964 இலேயே டக்ளஸ் மக்கில்றோய் எழுதியிருந்தார். 1973 இல் அவ்வெண்ணம் செயலுருப் பெற்றது. ஒரு குறியை மற்றொன்றாக மாற்றவும் நீக்கவும் வல்ல ‘டி.ஆர்.’ என்னும் கட்டளையும் அக்காலப்பகுதியிலேயே தோன்றியது. லீ மக்மஹன் 1973–74 இல் ஆக்கிய ‘செட்’ என்பது, ஓடும் நீரை வடிகட்டுவதுபோலக் கோப்பை வரிவரியாகத் திருத்திச் செல்லும்.

முன்னோடியான மல்டிக்ஸைப் பின்பற்றி யுனிக்ஸ் வரி முடிவுக்கு வரியேற்றுங் குறி ஒன்றை மட்டுமே கொண்டது. 1981 இல் வெளிவந்த எம்.எஸ்.டொஸ், தனக்கு முந்திய சி.பி.எம். முறையைப் பின்பற்றி இரு குறிகளையும் வைத்துக்கொண்டது. விண்டோஸ் அதனைத் தொடர்ந்தது. எனவே விண்டோசில் எழுதிய கோப்பு யுனிக்ஸ் வழிவந்த கணினிக்குச் செல்லும்போது, 13 ஆம் குறி வரிதோறும் எஞ்சி நிற்கின்றது. அச்சுவண்டி அருங்காட்சியகத்துக்குச் சென்றபின்னும் அதற்கிட்ட ஏவல் கோப்புக்களிலே வாழ்கின்றது. இதனை டி.ஆர். கட்டளையால் நீக்குவதில் எவருக்கும் இழப்பில்லை.

சிக்கல் அடுத்த படியிலேயே எழுகின்றது. ‘கோப்பைத் தூய்மைப்படுத்துக’ என்போர் பலர் கூறும் வழி, ஆஸ்கியில் அச்சாகத்தக்க 95 குறிகளையும் வரிமுடிவையும் விட்டு ஏனைய யாவற்றையும் நீக்குக என்பதாகும். ஆங்கிலக் கோப்பில் இவ்வழியால் சில வளைந்த மேற்கோட்குறிகள் மறையலாம். தமிழ்க் கோப்பிலோ வெற்றிடங்களும் நிறுத்தக்குறிகளும் மட்டுமே மிஞ்சும். 1963 இன் பட்டியலில் இல்லாதது குப்பை என்னும் கருத்து இன்றும் அக்கட்டளையினுள்ளே வாழ்கின்றது.

1991 இல் வெளிவந்த யுனிகோட் முதற்பதிப்பு, இந்தியாவின் இஸ்கி ஒழுங்கைத் தழுவித் தமிழுக்கு இடமளித்தது. 1992 இல் தொம்சனும் றொப் பைக்கும் வகுத்த யு.டி.எப்.8 முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட்டிலும் தமிழ்க் குறி மூன்று பைட்டுகளிலும் அமைகின்றது. ‘க’ என்பது 224, 174, 149. ‘ம’ என்பது 224, 174, 174. டி.ஆர். கட்டளையின் பரவலான குனூ வடிவம் நெடுங்காலமாகப் பைட்டுகளையே அறியும், எழுத்துக்களை அறியாது. அதனிடம் ‘க’ ஒன்றை நீக்கச் சொன்னால் 224 என்னும் பைட்டைக் காணுமிடமெல்லாம் நீக்கிவிடும். தமிழ்க் குறிகள் யாவும் அப்பைட்டிலேயே தொடங்குவதால் நூல் முழுவதும் சிதையும். இவ்விடத்தில் யு.டி.எப்.8 சூழலில் இயங்கும் செட் போன்ற கருவியே தக்கது.

ஈழத்துத் தமிழ் அச்சுலகில் பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துரு மற்றொரு பாடத்தைத் தருகின்றது. அது ஆங்கிலக் குறிகளின் இடத்திலே தமிழ் வடிவங்களை அமர்த்திய முறை. அதில் ‘தமிழ்’ என்னும் சொல் ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் சேமிக்கப்படும். அவ்வரைப்புள்ளியே மெய்யெழுத்தின் புள்ளி. நிறுத்தக்குறிகள் வேண்டாவென்று ஒருவர் களைந்தால் நூலிலுள்ள மெய்யெல்லாம் உயிர்மெய்யாகிவிடும்; அம்மா ‘அமமா’ ஆவாள். எமது பத்திரிகைகளும் மலர்களும் நினைவேடுகளும் இம்முறையிலே கோப்புக்களாகக் கிடக்கின்றன என்பதை எண்ணினால் இதன் பாரதூரம் விளங்கும்.

அகலமற்ற இணைப்புக்குறிகளின் நிலையும் இத்தகையதே. தமிழ்ச் சொற்களினிடையே சில விசைப்பலகைச் செய்நிரல்கள் இணைப்புத்தடைக் குறியைத் தேவையின்றிப் புகுத்துகின்றன. அதனால் தேடும் சொல் அகப்படுவதில்லை. நீக்கத்தக்கதே. ஆனால் இரு மொழிகளும் கலந்த கோப்பிலே அகலமற்ற குறிகள் அனைத்தையும் ஒருசேர நீக்கினால், சிங்களத்து ‘ஸ்ரீ’ உடைந்துவிடும். அதன் மெய்களைப் பிணைப்பது கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்குறியேயாகும். நாட்டின் பெயரே பிழைபடும்.

இவ்வெழுத்தின் பெயரைக் கேட்டதும் நம்மவர் பலருக்கு வேறொரு நினைவு எழும். 1957 இல் மோட்டார் வாகனத் தகடுகளிலே சிங்கள ‘ஸ்ரீ’ புகுத்தப்பட்டது. 1958 இல் தமிழ்ப் பகுதிகளிலே அவ்வெழுத்தின்மீது தார் பூசப்பட்டது. தெற்கிலே தமிழ்ப் பெயர்ப்பலகைகள்மீது தார் பூசப்பட்டது. ஒருவரது எழுத்து மற்றவருக்கு வேண்டாக் குறியாயிற்று. அன்று தாரேந்தியோர் தாம் அழிப்பது இன்னதென அறிந்தே அழித்தனர். கட்டளைவரியிலோ அழிப்பவன் அறியாமலே ஒரு நூலகம் அழியக்கூடும்.

ஆதலின் முறையொன்று வேண்டும். மூலக்கோப்பைத் தொடாது படியெடுத்தல் முதலாவது. 1971 இலேயே யுனிக்ஸில் இருந்த ‘ஓ.டி.’ என்னும் கட்டளையால் பைட்டுகளை எண்களாக விரித்துப் பார்த்தல் இரண்டாவது. தொடக்கத்தில் 239, 187, 191 எனக் கண்டால் அது பைட் ஒழுங்குக் குறி; விண்டோசின் நோட்பாட் நெடுங்காலம் இட்டுவந்த முத்திரை. இவ்வாறு ஒவ்வொரு குறியின் ஊரும் பேரும் அறிந்தபின், இன்னதை நீக்கு எனப் பெயர்சொல்லி ஏவுதல் மூன்றாவது. இன்னவை தவிர்ந்த யாவற்றையும் நீக்கு என்னும் கட்டளையைத் தமிழ் நூலின்மீது எக்காலும் ஏவலாகாது. நீக்கியபின் இரு படிகளையும் ஒப்புநோக்குதல் இறுதிப்பணி.

ஏடுகளைத் தேடியலைந்த தலைமுறை கரையானோடும் நெருப்போடும் போராடியது. நம் தலைமுறையின் நூல்கள் கோப்புக்களாக இருக்கின்றன. அவற்றைத் தூய்மை செய்வோர் பெரும்பாலும் ஊதியமின்றி உழைக்கும் இளைஞர். அவர்கள் கையிலுள்ள கருவியின் வரலாற்றை அவர்களுக்குக் கற்பிப்பது, மொழிப்பற்றுப் பேசும் மேடைகளைக் காட்டிலும் பயன் தருவதாகும்.