உவா, இடாப்பு, தவணை: சல்லிக் கரையோரத்திலிருந்து பள்ளி மாதத்தின் வரலாறு

திருகோணமலை நகருக்கு வடக்கே, சாம்பல்தீவை அடுத்துக் கடலோரமாக அமைந்த சல்லி, முத்துமாரியம்மன் கோயிலாலும் மீன்பிடியாலும் அறியப்பட்ட ஊர். இத்தகைய கரையோர ஊரொன்றின் ஆரம்பப் பாடசாலையில் ஒரு மாதத்துக்குள் நடப்பவை பெரும்பாலும் எல்லோருக்கும் பழகியவையே: காலைக் கூட்டம், வெள்ளிக்கிழமைப் பூசை, மாணவர் மன்றம், சிரமதானம், பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம், மாதக் கடைசியில் வரவு இடாப்பைக் கூட்டி முடித்தல். பழகிப்போனதாலேயே இவை எங்கிருந்து வந்தவை என்ற கேள்வி எழுவதில்லை. ஆனால் இவற்றுள் ஒன்று மிஷனரிகளிடமிருந்தும், ஒன்று சைவ மறுமலர்ச்சியிலிருந்தும், ஒன்று குடியேற்ற அரசின் கணக்கு அலுவலகத்திலிருந்தும் வெவ்வேறு காலங்களில் வந்து சேர்ந்தவை. பள்ளிக்கூடம் தன் மாதத்தைத் தானே வகுத்துக்கொண்டதில்லை என்பதும், பள்ளியை நடத்தியவர் எவரோ அவருடைய நாட்கணக்கே பள்ளியின் மாதமாயிற்று என்பதும், ஊரின் சொந்தக் கணக்கு அதற்கு அடியில் எழுதப்படாமல் கிடந்து, இடாப்பில் விழும் வெற்றிடங்களாக மட்டுமே வெளித்தெரிந்தது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

அச்சு நூலுக்கும் வகுப்பறைக்கும் முந்திய திண்ணைப் பள்ளியில் மாதத்தை ஆண்டது நிலவு. தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் அமாவாசை, பௌர்ணமி, பிரதமை, அட்டமி ஆகிய திதிகளில் பாடம் நடப்பதில்லை. அந்த விடுமுறைக்கு 'வாவு' என்று பெயர். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒருங்கே குறிக்கும் 'உவா' என்ற பழஞ்சொல்லே பேச்சுவழக்கில் வாவு எனத் திரிந்தது. திண்ணைப் பள்ளிக்கு ஞாயிற்றுக்கிழமை என்று தனியே ஒரு மதிப்பு இருக்கவில்லை. ஏழு நாள் வாரமும் அதற்கு அவ்வளவாகத் தேவைப்படவில்லை. ஆண்டின் பெரிய நிகழ்வு நவராத்திரி. பிள்ளைகள் வாத்தியாருடன் வீடுவீடாகச் சென்று பாடிக் கோலாட்டமடித்துப் பெற்ற காசும் அரிசியும் அவருடைய வருமானத்தில் ஒரு பகுதி. விசயதசமியன்று ஏடு தொடக்கும் பிள்ளையே புதிய மாணவன். இன்றைய சொல்லில் 'மாணவர் அனுமதி', 'பாடசாலை நிதி', 'கலை நிகழ்ச்சி' எனப் பிரிந்து கிடக்கும் மூன்றும் அன்று ஒரே திருவிழாவுக்குள் அடங்கியிருந்தன.

வாரத்தைக் கொண்டுவந்தவர்கள் மிஷனரிகள். வெஸ்லியன் மிஷனார் 1814இல் இலங்கைக்கு வந்தனர். அவர்களது பணி பின்னர் திருகோணமலைக்கும் பரவியது. கத்தோலிக்கரின் புனித சூசையப்பர் கல்லூரி 1867இல் இந்நகரில் தோன்றியது. ஞாயிறு வழிபாட்டுக்கு, திங்கள் பாடத்துக்கு என்ற ஒழுங்கு இவ்வாறு நிலைபெற, நிலவின் திதிகள் பள்ளிக்கு வெளியே, கோயிலுக்கும் கடலுக்கும் உரியவையாக ஒதுங்கின.

மாதத்துக்குப் பண மதிப்பைக் கொடுத்தது அரசு. 1841இல் அமைக்கப்பட்ட மத்திய பாடசாலை ஆணைக்குழுவின் செயற்பாட்டை ஆராய 1865இல் மோர்கன் குழு நியமிக்கப்பட்டு, அதன் பரிந்துரைப்படி 1869இல் பொதுப்போதனைத் திணைக்களம் உருவானது. அதையடுத்து வந்த உதவிநன்கொடை முறையில், மத அமைப்புகள் நடத்திய பள்ளிகளுக்கு அரசுப் பணம் கிடைப்பது பிள்ளைகளின் வரவையும், பரிசோதகர் முன் அவர்கள் காட்டும் தேர்ச்சியையும் பொறுத்ததாயிற்று. பிள்ளை பள்ளிக்கு வந்தது என்பதற்குச் சான்று வேண்டியிருந்தது. அந்தச் சான்றே இடாப்பு, அதாவது பெயர்களுக்கு எதிரே நாள்தோறும் வரவு குறிக்கப்படும் பதிவேடு. பள்ளியில் நடந்ததைத் தேதிவாரியாக அதிபர் எழுதிவைக்கும் சம்பவத் திரட்டுப் புத்தகமும் இதே தேவையின் இன்னொரு பிள்ளை.

இந்த இடாப்பின் ஒரு பக்கத்தைச் சற்று நின்று பார்ப்பது தகும். இடப்புறம் மேலிருந்து கீழாகப் பெயர்கள். வலப்புறம் நாளுக்கொரு சிறு கட்டம். மாதக் கடைசிப் பாடசாலை நாளன்று வகுப்பாசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் வரவையும் குறுக்காகவும், ஒவ்வொரு நாளின் வரவையும் நெடுக்காகவும் கூட்டுகிறார். இரண்டு கூட்டுத்தொகைகளும் கீழ் மூலையில் ஒன்றாக வந்து நிற்க வேண்டும். வகுப்பில் 32 பிள்ளைகள், மாதத்தில் 19 பாடசாலை நாள்கள் எனக் கொண்டால், முழு வரவு 608. உண்மையில் வந்தது 532 என்றால் சராசரி வரவு 28, வீதம் 87.5. மூலையில் ஒன்று பிசகினால் முழுப் பக்கத்தையும் திரும்பக் கூட்டவேண்டும் என்பதால், மாதக் கடைசிப் பிற்பகல்களில் பிள்ளைகளைப் படம் கீறவோ முற்றத்தில் விளையாடவோ விட்டுவிட்டு ஆசிரியர்கள் இடாப்போடு உட்காரும் வழக்கம் தோன்றியது. கணக்கு முறையின் பக்கவிளைவாகப் பிறந்த இந்தச் சுதந்திரமான பிற்பகலைக் கல்வி வரலாற்று நூல்கள் கவனிப்பதில்லை. பிள்ளைகளுக்கோ மாதத்தின் மிக நல்ல நேரம் அதுவாகவே இருந்திருக்கக்கூடும்.

வராத அந்த 76 எங்கே போயின என்பதற்கு இடாப்பில் நிரல் இல்லை. அதற்கு விடை கரையில் இருக்கிறது. கிழக்குக் கரையில் நவெம்பர் முதல் பெப்ரவரி வரை வாடைக் காற்று கடலைக் கொந்தளிக்கவைக்கிறது. மார்ச் தொடங்கி ஒக்டோபர் வரை கடல் அடங்கியிருக்க, கரைவலைத் தொழில் நடக்கிறது. இக்காலத்தில் மேற்குக் கரை மீனவரும் வந்து வாடி எனும் தற்காலிகக் குடிசை அமைப்பதுண்டு. கரைவலை என்பது, வலையைத் தோணியில் கொண்டுபோய் அரைவட்டமாக வளைத்து, இரு முனைக் கயிறுகளையும் கரையில் நின்று பலர் சேர்ந்து இழுக்கும் முறை. கயிறு இழுக்கக் கை எத்தனை இருந்தாலும் போதாது. வலையின் மடி கரைதட்டும்போது பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கும் கறிக்கு நாலு மீன் கிடைக்கும். நிலவு வெளிச்சமுள்ள இரவுகளில் கடலில் விரித்துவைக்கும் படுப்புவலைக்கு மீன் குறையும் என்பதால் பௌர்ணமியை ஒட்டிய நாள்கள் ஓய்வாகவும், இருட்டு நாள்கள் உழைப்பாகவும் கழிகின்றன. கோயிற் பொங்கல் வந்தால் ஊரே அங்கேதான். இவை மூன்றும், அதாவது காற்றும் நிலவும் அம்மனும், எந்தப் பரிசோதகரும் கேட்காத, ஆனால் ஒவ்வொரு மாதக் கூட்டலிலும் கழிந்து நின்ற ஊர்க்கணக்கு.

பள்ளிக்குள் ஊரின் பண்டிகைகளை மீட்டுக்கொண்டுவந்தது சைவக் கல்வி இயக்கம். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலை, மிஷன் பள்ளியின் வகுப்பு, மணி, அச்சுப்பாடநூல் ஆகியவற்றை அப்படியே எடுத்துக்கொண்டு அதற்குள் சைவத்தை வைத்த முன்மாதிரி. திருகோணமலையில் 1897இல் இந்துப் பாடசாலையும், 1923இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை தொடக்கிய பெண்கள் பாடசாலையும் தோன்றின. 1925இலிருந்து இராமகிருஷ்ண மிஷன் கிழக்கிலங்கைப் பள்ளிகளின் நிருவாகத்தை ஏற்கத் தொடங்கியபோது, அப்பணியில் முன்னின்ற சுவாமி விபுலாநந்தர் திருகோணமலை இந்துக் கல்லூரிக்கும் தலைமை தாங்கினார். இப்பள்ளிகளில் வெள்ளிக்கிழமை கூட்டுவழிபாட்டு நாளாயிற்று; நவராத்திரி வீடுவீடாகப் பாடுவதை விட்டு மண்டபத்துக்குள் நுழைந்து வாணி விழாவாயிற்று. மிஷன் பள்ளிகளில் கிறிஸ்து பிறப்பையொட்டி நடந்த நிகழ்வு, பிற்காலத்தில் ஒளி விழா என்ற பெயரில் பல பள்ளிகளின் டிசெம்பர் நிகழ்வாக மாறியது. வாணி விழாவின் மேடை, வரவேற்புரை, நன்றியுரை என்ற அமைப்பு, அது எதிர்த்து நின்ற மிஷன் பள்ளியின் பரிசளிப்பு விழாவிலிருந்தே பெறப்பட்டது என்பது இவ்வியக்கத்தைப் போற்றுவோர் பெரும்பாலும் சொல்லாமல் விடும் செய்தி.

கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தபோது, பள்ளிக் கட்டணம் என்ற மாதக் கடமை பெற்றோரிடமிருந்து நீங்கியது; ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியே போதனை மொழியாயிற்று. 1956 முதல் 1959 வரை கல்வி அமைச்சராயிருந்த டபிள்யூ. தஹநாயக்க, பிள்ளைகளுக்குப் பணிஸ் (பன்) வழங்கிய திட்டத்தால் 'பணிஸ் மாமா' என்றே பெயர் பெற்றார். வரவை அதிகரித்ததில் சுற்றுநிருபங்களைவிடப் பணிஸுக்குப் பங்கு அதிகம் என்று கருத இடமுண்டு. நாலு கறிமீனோடு போட்டியிடக்கூடிய ஒன்றைப் பள்ளிக்கூடம் கையில் வைத்திருந்தது.

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகள் பெரும்பாலும் அரசின் கைக்கு வந்தன. நிருவாகம் மாறியபோதும் வாணி விழா மாறவில்லை. ஆனால் மாதத்தை வகுக்கும் உரிமை கொழும்புக்குப் போயிற்று. அந்த உரிமை எவ்வளவு தூரம் செல்லக்கூடியது என்பது 1966 ஜனவரி முதலாந் தேதி தெரிந்தது. டட்லி சேனநாயக்க அரசு சனி, ஞாயிறு விடுமுறையை நீக்கி, நிலவின் நான்கு கால்களான போயா நாள்களையும் அவற்றுக்கு முந்திய நாள்களையும் வார விடுமுறையாக்கியது. போயா என்பது உபோசத என்ற பௌத்த நோன்பு நாளின் சிங்கள வடிவம். நிலவின் சுற்று ஏறத்தாழ 29½ நாள் என்பதால் நான்கு கால்களும் ஏழேழு நாளாகப் பிரிவதில்லை. ஒரு வாரம் ஏழு நாள், மற்றொன்று எட்டு நாள், சில வேளை ஆறு நாள். திங்கள் முதல் வெள்ளி வரை எனக் கீறிய நேரசூசி இந்த வாரத்துக்குப் பொருந்தாது. வெள்ளிக்கிழமைப் பூசைக்குரிய நாளே போயாவில் விழுந்து விடுமுறையாகலாம். கிறிஸ்தவப் பிள்ளைக்கு ஞாயிறு பள்ளி நாளாகலாம்.

சிங்கள பௌத்த அரசியலின் விளைவான இந்த ஏற்பாடு, யாரும் எண்ணாத ஒரு வழியில், நூறாண்டுக்கு முன் விட்டுப்போன திண்ணைப் பள்ளியின் வாவு நாள்களைத் தமிழ்ப் பள்ளிக்குத் திருப்பிக் கொடுத்தது. ஊரைக் கேளாமலே ஊரின் நிலவுக் கணக்கோடு அரசின் நாட்காட்டி ஒத்துப்போன காலமும் இதுவே: பௌர்ணமிப் போயாவில் தகப்பன் கடலுக்குப் போகாதிருக்க, பிள்ளைக்கும் விடுமுறை, அமாவாசைப் போயாவில் விடிகாலை தோணி கரையேறும்போது கரையில் நின்ற பிள்ளைக்கு இடாப்பில் வெற்றிடம் விழாது. வணிகமும் கப்பற் போக்குவரத்தும் பிற நாடுகளின் வாரத்தோடு ஒவ்வாமல் திண்டாடியதால் 1971இல் சனி, ஞாயிறு மீண்டன. பௌர்ணமிப் போயா மட்டும் மாதத்துக்கு ஒரு பொது விடுமுறையாக இன்றுவரை எஞ்சியிருக்கிறது.

இதற்குப் பின் மாதத்தை நிறைத்தவர்கள் பாடத்திட்ட வல்லுநர்கள். 1997இன் கல்விச் சீர்திருத்தம் ஆரம்பக் கல்வியை மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்து, விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்ற மூவகைக் கற்றலை வகுத்தது. 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்ற பாடம் பதினாறு கருப்பொருள்களாக அமைந்தது. பிள்ளை தன் சூழலைத் தானே பார்த்துக் கற்கவேண்டும் என்பது அதன் கொள்கை. கரைவலையும் வாடையும், வராமைக்குக் காரணமாக அல்லாமல், படிக்கத்தக்க பொருளாக வகுப்புக்குள் வர அது வாசல் திறந்தது. வாசல் திறந்த அளவுக்கு ஊர் உள்ளே வந்ததா என்பது தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையைப் பொறுத்ததாயிற்று. அப்பரீட்சை நெருங்கும் மாதங்களில் செயற்பாடு ஒதுங்கி மாதிரி வினாத்தாள் முன்னுக்கு வருவதை ஆரம்பப் பிரிவு ஆசிரியர் எவரும் அறிவர். சிறுவர் தினம் ஒக்டோபர் 1, ஆசிரியர் தினம் ஒக்டோபர் 6, தமிழ்மொழித் தினப் போட்டி, முதற்றவணையில் இல்ல விளையாட்டுப் போட்டி என மேலிருந்து வந்த நாள்களும் அடுக்கப்பட்டன.

போர்க்காலத்தில் இம்மாவட்டத்துப் பள்ளிகள் பல இடம்பெயர்ந்தோர் தங்குமிடங்களாயின; மாத அட்டவணை என்ற ஒன்றே அப்போது பொருளற்றுப்போனது. 2004 டிசெம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கிழக்குக் கரையைத் தாக்கியபோது, அன்று ஞாயிறு, பௌர்ணமிப் போயா, மூன்றாந்தவணை முடிந்த விடுமுறை என்ற மூன்று நாட்காட்டிகளும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. ஆகவே கரையோர வகுப்பறைகள் வெறுமையாயிருந்தன. பிள்ளைகள் வீடுகளில் இருந்தனர். வீடுகளும் கரையிலேயே இருந்தன.

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டதன் பின், ஜனவரியில் தொடங்கிவந்த கல்வியாண்டு சில ஆண்டுகள் மார்ச்சுக்கும் ஏப்ரலுக்கும் நழுவியது. தைப்பொங்கல், ஆண்டின் முதல் நிகழ்வாயிருந்த நிலை மாறிக் கடைசித் தவணையில் விழுந்தது. தரம் 1 பிள்ளைகளை மாலையிட்டு வரவேற்கும் கால்கோள் விழா, வாடை ஓய்ந்து கரைவலை இறங்கும் பருவத்துக்கு வந்து சேர்ந்தது. பிள்ளையின் பெயர் இடாப்பில் ஏறிய முதல் மாதமே கரையில் முதல் மடி தட்டும் மாதமுமாயிற்று. 2025இல் கல்வியாண்டு மீண்டும் ஜனவரிக்குத் திரும்பியதும், புதிய பிள்ளைகள் கடல் கொந்தளிக்கும் காலத்தில், தொழிலில்லாத தகப்பன்மார் கைபிடித்துக் கூட்டிவர, பள்ளிக்கு வந்து சேரும் பழைய ஒழுங்கு திரும்பியது.