கோட்டைக்குள் ஒரு தேத்தண்ணி: யார் குடித்தார்கள், யார் பறித்தார்கள்?

கொஞ்சம் நீளமான பதிவு. அஸருக்குப் பிறகு தேத்தண்ணியோடு உட்கார்ந்து ஆறுதலாக வாசியுங்கள்.

என்னிடம் படித்த ஒரு மாணவர் இப்போது இங்கிலாந்தில் வேலை செய்கிறார். போன கிழமை வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். பழைய கோட்டை ஒன்றை ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள். பெரிய கல் ஜன்னல், பக்கத்தில் நெருப்படுப்பு, மேசையில் மூன்று தட்டு அடுக்கிய ஸ்டாண்ட், பீங்கான் கேத்தல். "ஸேர், எங்கட நாட்டுத் தேயிலையாம். ஒரு ஆளுக்கு 45 பவுண்" என்று எழுதியிருந்தார்.

அந்தப் படத்தைத் தரம் 10 வகுப்பில் காட்டினேன். "ஸேர், ராஜாமார் கோட்டையில இருந்த காலத்திலேயே இப்படித்தான் தேத்தண்ணி குடிச்சாங்களா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. நல்ல கேள்வி. ஆனால் பின்வாங்கிலிலிருந்து இன்னொருவன், "தோட்டக்காட்டு ஆக்கள் பறிச்சதை வெள்ளைக்காரன் கோட்டையில குடிக்கிறான்" என்றான். வகுப்பே சிரித்தது. தோட்டத்திலிருந்து வரும் இரண்டு பிள்ளைகள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

முதல் கேள்விக்கு அன்றே பதில் சொன்னேன். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்ல மணி போதவில்லை. இரண்டுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

ராஜாமார் கோட்டையில் தேத்தண்ணி குடித்தார்களா? கோட்டைகள் கோட்டைகளாக இருந்த காலத்தில் குடிக்கவில்லை. இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயரில் தோர்ன்பரி என்றொரு கோட்டை இருக்கிறது. பக்கிங்ஹாம் கோமகன் எட்வர்ட் ஸ்டஃபோர்ட் 1511-ல் கட்டத் தொடங்கியது. 1521-ல் எட்டாம் ஹென்றி மன்னர் அவருக்குத் துரோகப் பட்டம் கட்டித் தலையை வெட்டி, கோட்டையையும் எடுத்துக்கொண்டார். 1535-ல் ஆன் போலினுடன் அங்கே வந்து தங்கினார். இன்று அது ஹோட்டல். ஆனால் ஹென்றி தேத்தண்ணியைக் கண்ணாலும் கண்டதில்லை. இங்கிலாந்துக்குத் தேயிலை வந்ததே 1650-களில்தான்.

1662-ல் போர்த்துக்கல் இளவரசி கத்தரீன், இரண்டாம் சார்ள்ஸ் மன்னரைத் திருமணம் செய்து வந்தபோது தேநீர்ப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார். பம்பாய் ஆங்கிலேயருக்குக் கிடைத்ததும் இதே திருமணத்தின் சீதனமாகத்தான். அரசி குடித்தால் பிரபுக்களின் மனைவிமாரும் குடிப்பார்கள்தானே. ஆனால் சாதாரண சனத்துக்கு அது எட்டவில்லை, வரி அவ்வளவு. 1784-ல் அந்த வரியை 119 வீதத்திலிருந்து 12.5 வீதமாகக் குறைத்த பிறகுதான் தேயிலை ஏழை வீட்டு அடுப்படிக்கும் போய்ச் சேர்ந்தது.

சரி, பின்னேரத் தேநீர் எப்படி வந்தது? அந்தக் காலத்தில் பிரபுக்கள் வீடுகளில் இராச்சாப்பாடு மெல்ல மெல்லப் பிந்தி எட்டு மணிக்குப் போய்விட்டது. பகலுணவோ இலேசானது. இடையில் நீண்ட பசி. 1840 வாக்கில் பெட்ஃபோர்ட் கோமகள் அன்னா மரியா, விக்டோரியா மகாராணியின் தோழி, ரட்லண்ட் கோமகனின் பீவர் கோட்டைக்கு விருந்தாளியாகப் போயிருந்தார். பின்னேரம் ஐந்து மணியளவில் களைப்பாக இருக்கிறது என்று தேநீரும் சிறு தீனும் தன் அறைக்குக் கொண்டுவரச் சொன்னார். பிறகு மற்றப் பெண்களையும் அழைத்தார். ஐந்து மணித் தேநீரைப் பற்றி 1841-ல் அவரே ஒரு கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார். அதற்கு முன்பும் பின்னேரத்தில் தேநீர் குடித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அதை ஒரு நாகரிகமாக்கிய பெயர் இவருக்கே போனது.

இங்கே ஒரு தவறைத் திருத்த வேண்டும். கொழும்பு ஹோட்டல்களில் இதை "ஹைடீ" என்கிறோம். அங்கே ஹைடீ என்பது வேறு. தொழிற்சாலை, சுரங்க வேலை முடிந்து வந்த தொழிலாளி, சாப்பாட்டு மேசையில் பாணும் இறைச்சியும் தேநீருமாகப் பசியாறும் இராச்சாப்பாடு அது. மேசை உயரமானது, அதனால் அந்தப் பெயர் என்பார்கள். கோமகள்மார் சாய்கதிரையில் இருந்து, தாழ்ந்த மேசையில் வைத்துக் குடித்ததுதான் பின்னேரத் தேநீர். நாம் காசு கட்டிச் சாப்பிடுவது கோமகளின் தேநீர், அதற்கு வைத்திருக்கும் பெயரோ தொழிலாளியின் சாப்பாட்டுப் பெயர்!

அதன் ஒழுங்கையும் சொல்கிறேன். அடுக்கில் கீழ்த்தட்டில் ஓரம் வெட்டிய சிறிய சான்ட்விச்கள், வெள்ளரிக்காய் வைத்தது கட்டாயம். நடுவில் ஸ்கோன், தடித்த கிரீம், ஜாம். மேலே கேக், இனிப்பு. கீழிருந்து மேலே சாப்பிட்டுப் போக வேண்டும். ஸ்கோனுக்கு முதலில் கிரீமா ஜாமா என்பதில் டெவன்காரருக்கும் கோர்ன்வோல்காரருக்கும் இன்றுவரை வழக்குத் தீரவில்லை. டெவனில் கிரீம் முதல், கோர்ன்வோலில் ஜாம் முதல். கேத்தலைச் சுடுநீரால் சூடாக்கிவிட்டு இலையைப் போட்டு, மூன்று நாலு நிமிடம் ஊறவிட்டு ஊற்றுவார்கள். உம்மாமார் சாயம் இறங்கும்வரை மூடி வைப்பதும் அதே கணக்குத்தான்.

கோமகளின் கோப்பையில் அன்று இருந்தது நம் நாட்டுத் தேயிலை அல்ல. பெரும்பாலும் சீனத் தேயிலை. அதை வாங்கும் வெள்ளியைத் திரட்ட ஆங்கிலேயர் சீனாவுக்குள் அபின் விற்றார்கள். சீன அரசு தடுத்தபோது 1839-ல் போரே தொடங்கியது. அதே ஆண்டுதான் அஸ்ஸாம் தேயிலை முதன்முதலாக லண்டனில் ஏலத்துக்கு வந்தது. கோப்பையில் போட்ட சீனியோ மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து போனது. 1834 வரை அது அடிமைகளின் கையால் விளைந்தது.

அப்போது இலங்கையில் கோப்பிதான். 1869-ல் கோப்பி இலைகளில் துரு நோய் வந்து, சில வருடங்களில் அந்தப் பயிரையே அழித்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1867-ல், ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். 1873-ல் லண்டனுக்குப் போனது 23 இறாத்தல். பிறகு மலைநாடு முழுக்கத் தேயிலையானது. 1890-ல் தோமஸ் லிப்டன் வந்து தோட்டங்கள் வாங்கியபின், இங்கிலாந்துத் தொழிலாளியின் மேசையிலும் சிலோன் டீ ஏறியது.

இனி அந்தக் கோட்டைகள் எப்படி ஹோட்டலாயின என்று பார்ப்போம். 1870-களிலிருந்து அமெரிக்கத் தானியம் மலிவாக வந்து, நிலத்தை நம்பியிருந்த பிரபுக்களின் வருமானம் விழுந்தது. 1894-ல் புதிய மரண வரி. முதலாம் உலகப் போர் முடிந்த பின் அது பெரிய சொத்துக்களுக்கு 40 வீதம் வரை போனது. வேலையாட்களும் கிடைக்கவில்லை. நூறு அறைக்கு ஓடு மாற்ற யாரால் முடியும்? பலர் விற்றார்கள், சிலர் இடித்தார்கள், சிலது ஹோட்டலானது.

அயர்லாந்தின் அஷ்ஃபோர்ட் கோட்டையைப் பாருங்கள். 1228-ல் டி பர்கோ குடும்பம் கொரிப் ஏரிக் கரையில் தொடங்கியது. 1852-ல், பியர் வடித்துச் செல்வந்தரான கின்னஸ் குடும்பத்தின் பெஞ்சமின் லீ கின்னஸ் வாங்கினார். 1939-ல் ஹோட்டலானது. இன்று அங்கே கொனோட் அறையில் ஏரியைப் பார்த்தபடி பின்னேரத் தேநீர் குடிக்கலாம். ஆனால் 1852 என்ற ஆண்டைக் கவனியுங்கள். அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகி, ஏறக்குறைய 10 இலட்சம் பேர் பட்டினியிலும் நோயிலும் மடிந்து, இன்னும் 10 இலட்சம் பேர் கப்பலேறிய காலம் அப்போதுதான் முடிந்துகொண்டிருந்தது. கடனில் விழுந்த காணிகளை விற்பதற்கென்றே 1849-ல் ஒரு சட்டம் கொண்டுவந்து நீதிமன்றம் அமைத்தார்கள். அதன் வழியாகத்தான் அஷ்ஃபோர்ட் கைமாறியது.

அந்தச் சட்டம் வந்தபோது பிரித்தானியப் பிரதமர் யார்? ஜோன் ரஸ்ஸல் பிரபு. பின்னேரத் தேநீரை நாகரிகமாக்கிய அன்னா மரியாவின் கணவருடைய தம்பி!

கதை இன்னும் முடியவில்லை. அந்த ரஸ்ஸல் பிரபுவின் மகளுடைய மகன் தோமஸ் வில்லியர்ஸ் இலங்கைக்கு வந்தார். தேயிலை வியாபாரத்தில் உயர்ந்து ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பனியின் தலைவரானார். அவர் ஹப்புத்தளையில் 1931-ல் கட்டிய கல் மாளிகைதான் நாம் சுற்றுலா போய்ப் படம் எடுக்கும் அடிஷாம் பங்களா. கென்ட் பகுதியிலுள்ள லீட்ஸ் கோட்டையை மாதிரியாக வைத்துக் கட்டினார் என்பார்கள். இப்போது அது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். ஆக, பீவர் கோட்டையில் ஒரு பின்னேரம் பசித்த கோமகளின் குடும்பத்தில் வந்த பேரப்பிள்ளை, நம் மலையில் தேயிலைக் காசில் தனக்கொரு கோட்டை கட்டியிருக்கிறார்.

அந்தக் காசு எங்கிருந்து வந்தது? இங்கேதான் வகுப்பின் சிரிப்புக்கு வருகிறேன்.

கோப்பிக் காலத்திலேயே தமிழ்நாட்டிலிருந்து வந்த மக்கள் மன்னாரிலிருந்து காட்டு வழியாக மலைக்கு நடந்தார்கள். காய்ச்சலாலும் கொள்ளை நோயாலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். மலையை வெட்டித் தேயிலை நட்டதும் அவர்கள்தான். தங்க லயத்தில் ஒரு காம்பரா. சுதந்திரம் கிடைத்த 1948-லேயே குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. மிச்சமிருந்தவர்களின் பிரச்சினை தீர 2003-ம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது.

பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டேன். ஒரு தாய் ஒரு நாளில் 18 கிலோ கொழுந்து பறிக்கிறார் என்று வையுங்கள். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வாடி, உருண்டு, புளித்து, காய்ந்து வந்தால் ஒரு கிலோ தேயிலை. ஆக, 4 கிலோ. ஒரு கோப்பைக்கு 2 கிராம் போதும். 2000 கோப்பை! அவருடைய நாட் சம்பளம் 2021-ல் 1000 ரூபாயானது, 2024-ல் 1350. என் மாணவர் கட்டிய 45 பவுண், பவுண் ஒன்றுக்கு 400 ரூபாய் என்றால், 18 ஆயிரம். 2000 கோப்பைக்கு இலை தந்தவர், அந்த மேசையில் ஒரு முறை உட்கார 2024-ன் சம்பளப்படி 13 நாளுக்கு மேல் பறிக்க வேண்டியிருந்தது.

கணக்கை முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை.

பின்வாங்கில் மாணவனை நான் ஏசவில்லை. அந்தச் சொல்லை அவன் கண்டுபிடிக்கவில்லை. வீட்டில், கடையில், பஸ்ஸில் நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டதைத்தான் சொன்னான். நாமும் சிறுபான்மைதான். நம்மை ஒரு சொல்லால் குத்தும்போது எப்படி நோகும் என்று நமக்குத் தெரியும். தெரிந்துகொண்டே இன்னொருவரைக் குத்தினால் அது எப்படி நியாயம்? மலையகத்தில் நம் கடைகள் பல நின்றதும் தோட்டத்துச் சனம் சம்பள நாளில் வந்து வாங்கிய சாமானால்தான். வியாபாரக் குடும்பங்களின் மூத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

கோட்டையில் தேநீர் குடிப்பது பிழையென்று நான் சொல்லவில்லை. வசதியும் வாய்ப்பும் கிடைத்தால் போய்க் குடியுங்கள், அந்தக் கட்டடங்களின் வரலாற்றையும் படியுங்கள். விடுமுறையில் பிள்ளைகளை அடிஷாமுக்குக் கூட்டிப் போனால், தோட்டத்துக்குள் போகும் பாதையில் கொஞ்சம் இறங்கி நின்று, கொழுந்து பறிக்கும் தாய்மாரைக் காட்டி இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர்களுக்கு முதலில் நீங்கள் ஒரு வணக்கம் சொல்லுங்கள், பிள்ளை பார்த்துக்கொள்ளும்.

அடுத்த கிழமை அந்த இரண்டு பிள்ளைகளில் ஒருத்தியிடம் கொழுந்து எப்படிக் கிள்ளுவது என்று வகுப்புக்குச் சொல்லித்தரக் கேட்டிருக்கிறேன். "அம்மாகிட்ட நல்லாக் கேட்டுட்டு வாறேன் ஸேர்" என்றாள். அன்றைய பாடத்தை அவளே நடத்துவாள், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் வீட்டிலும் மூத்தவர்களிடம் தோட்டத்துக் கதைகள் இருக்கும். கீழே எழுதுங்கள், வகுப்பில் வாசித்துக் காட்டுகிறேன்.