பல்லுக்குள் பாதரசம்

1833-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்துப் பல்வலிக்காரர்களுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது போலத் தோன்றியது. கிராக்கர் சகோதரர்கள் என்ற இருவர் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்து சேர்ந்தார்கள். பத்திரிகைகளில் தடபுடலாக விளம்பரம் செய்தார்கள். ஆடம்பரமான அறைகளில் வைத்தியம் தொடங்கினார்கள். அவர்கள் கொண்டுவந்த சரக்கின் பெயர் 'ராயல் மினரல் சக்ஸிடேனியம்'. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே பாதி வலி பறந்துவிடும்! உள்ளே இருந்தது என்னவோ, வெள்ளி நாணயத்தை அராவிய தூளும் அதோடு பிசைந்த பாதரசமுந்தான்.

சரக்கு புதிதுமல்ல. சீனத்தில் 659-ஆம் ஆண்டு தொகுத்த மருந்து நூலிலேயே பல்லை அடைக்கும் வெள்ளிப் பசையைப் பற்றிய குறிப்பு உண்டு. 1820-களில் பாரிஸ் நகரத்துத் தவோ என்ற பல் வைத்தியரும் அதைக் கையாண்டிருக்கிறார். வெள்ளித் தூளோடு பாதரசத்தைப் பிசைந்தால் முதலில் வெண்ணெய்போல் இளகியிருக்கும்; சற்று நேரத்தில் கல்லாக இறுகும். சொத்தைக் குழியில் அப்பிவிட்டால் வேலை முடிந்தது.

அதுவரை சொத்தைக்குச் சிறந்த வைத்தியம் தங்கம். மெல்லிய தங்க ரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, நெடுநேரம் அழுத்தி அழுத்திக் குழியை நிரப்ப வேண்டும். பணம் உள்ளவர்கள் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இல்லாதவர்கள் பல்லையே பிடுங்கிப் போட்டார்கள். பல் போனால் சொல் போச்சு என்பது ஏழைக்கும் பொதுத்தானே?

கிராக்கர் சகோதரர்கள் சொத்தையைக்கூடச் சரியாகச் சுரண்டாமல் பசையை அப்பினார்கள். பசை இறுகும்போது விரிந்தது, பற்கள் விண்டன, சில அடைப்புகள் உதிர்ந்தே போயின. ஊரார் கோபம் தாங்காமல் இருவரும் வந்த வழியே திரும்பினார்கள். ஆட்கள் போய்விட்டார்கள், பசை போகவில்லை.

அதன் பிறகு மூண்டதைப் பல் வைத்தியர்கள் 'அமால்கம் யுத்தம்' என்றே அழைக்கிறார்கள். அமால்கம் என்பது பாதரசக் கலவையின் பெயர். 1840-இல் தோன்றிய அமெரிக்கப் பல் வைத்தியர் சங்கம், அதை உபயோகிப்பது தொழில் துரோகம் என்று 1843-இல் தீர்மானித்தது. பிறகு, இதைத் தொடவே மாட்டேன் என்று ஒவ்வோர் அங்கத்தினரும் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்றது. பாதரசம் விஷம் என்பது அவர்கள் வாதம். பொய்யல்ல. ஆனால் தங்க ரேக்குத் தொழிலின் வரும்படியும் அந்தக் கோபத்தில் கலந்திருந்தது என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1850-இல் சத்தியப் பத்திரத்தை ரத்துச் செய்தார்கள். 1856-இல் சங்கமே கலைந்தது. ஏழைகளின் வாய் வென்றுவிட்டது.

1895-வாக்கில் ஜி. வி. பிளாக் என்ற அமெரிக்க வைத்தியர் வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவற்றை அளவாகச் சேர்த்து, பசை விரியும் குறையைப் போக்கினார். பல்லைப் பிளக்கும் குற்றம் தீர்ந்தது. விஷம் என்ற குற்றம்? கலவையின் எடையில் ஏறக்குறையப் பாதி பாதரசமல்லவா?

1926-இல் ஆல்பிரட் ஸ்டாக் என்ற ஜெர்மன் ரசாயன மேதை அந்தக் கேள்வியை மறுபடி எழுப்பினார். ஆராய்ச்சிச் சாலையில் பல வருஷம் பாதரச ஆவியைச் சுவாசித்துத் தலைவலியும் மறதியும் அனுபவித்தவர் அவர். அதனால் பல்லில் இருக்கும் பாதரசத்தையும் சந்தேகித்தார். வெறுஞ் சந்தேகமல்ல. இத்தகைய அடைப்பு உள்ளவர்கள் எதையாவது மெல்லும்போது மூச்சில் பாதரச ஆவி கூடுகிறது என்று 1979-இல் அளந்தே காட்டினார்கள். ஆனால் அளவு மிகச் சொற்பம்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. 'விஷமாமே!' என்று பயந்து, நல்ல நிலையில் இருக்கும் அடைப்பைத் தோண்டி எடுக்கச் சொன்னால் என்ன நடக்கும்? சுழலும் ஊசியின் சூட்டில் ஆவி எழும்பும், தூள் பறக்கும். பல்லில் சும்மா கிடந்தபோது வெளியிடாத அளவுக்குச் சில நிமிஷங்களில் வெளியிட்டுவிடும். கூடவே நல்ல பல்லும் கொஞ்சம் கரையும். அதனால்தான், பழைய அடைப்பு உறுதியாக இருந்தால், வைத்தியக் காரணமின்றி எடுக்க வேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020-இல் சொல்லியது. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் புதிதாக வைப்பதைத் தவிர்க்கவும் அதே அறிக்கை கூறியது.

அடியில் சொத்தை பரவியிருந்தாலோ, அடைப்பு விண்டிருந்தாலோ எடுத்துத்தான் ஆக வேண்டும். அதற்கும் முறை உண்டு. பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு. ஓயாமல் குளிர்ந்த நீர்த் தாரை. பக்கத்திலேயே பலமாக இழுக்கும் உறிஞ்சு குழாய். பொடியாக அரைக்காமல் பெரிய துண்டுகளாக வெட்டி எடுக்கும் பொறுமை. எடுத்த துண்டும் சாக்கடைக்குப் போகக் கூடாது. கழிவுநீரிலேயே அதைப் பிடித்துவைக்கும் கருவி இருக்கிறது.

சாக்கடைக்குப் போனால் என்ன என்று கேட்கலாம். ஆலைக் கழிவில் வந்த பாதரசம் கடல் மீனில் ஏறி, மீன் தின்ற ஜனங்களை முடக்கிப்போட்ட கொடுமை ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் வெளிப்பட்டது. அந்த ஊரின் பெயராலேயே 2013-இல் உலக நாடுகள் ஒப்பந்தம் செய்துகொண்டன. பல் அடைப்பில் பாதரசத்தைப் படிப்படியாகக் குறைப்பதும் அதில் ஓர் அம்சம்.

பசை இவ்விதம் விடைபெறத் தொடங்கிவிட்டது. 1833-இல் அவசரமாக அப்பியவர்களால் வந்தது முதல் தொல்லை. அதே அவசரத்தோடு பிடுங்கி எறியப் புறப்பட்டால், அந்தச் சகோதரர்களின் தொழிலை நாம் தலைகீழாகச் செய்தவர்களாவோம்.