உலைக்குத் தப்பிய வெள்ளிக் கரண்டிகள்

வெள்ளிக்கு ஓர் இயல்பு உண்டு. எந்த உருவத்திலே இருந்தாலும் அது பணமாகவே இருக்கும். மர அகப்பை தேய்ந்தால் அடுப்புக்குப் போகும். மண் பாத்திரம் உடைந்தால் குப்பைக்குப் போகும். வெள்ளிக் கரண்டியோ, கடன் வந்தாலும் போர் வந்தாலும், உலைக்குச் சென்று நாணயமாகத் திரும்பும். ஆகையினாலே பழைய வெள்ளிக் கரண்டிகளைத் தேடிச் சேர்ப்போர் கைக்கு இன்று எட்டுபவை, முன்னோர் செய்தவற்றுள் ஒரு சிறு பகுதியே. இங்கிலாந்து நாட்டுக் கரண்டிகளின் வரலாறு இதனை நன்கு விளக்கும். ஏனெனில், முறைப்படி முத்திரை பெற்ற ஆங்கிலக் கரண்டி தான் பிறந்த ஆண்டைத் தன் உடலிலேயே தாங்கி நிற்கின்றது.

1300ஆம் ஆண்டிலே முதலாம் எட்வேட் மன்னன் ஒரு சட்டம் விதித்தான். வெள்ளிப் பண்டம் எதுவும் நாணய வெள்ளியிலும் மாற்றுக் குறைந்ததாக இருத்தலாகாது. அதாவது 1000 பங்கில் 925 பங்கு தூய வெள்ளியாதல் வேண்டும். உரைத்துப் பார்த்துத் தேறிய பண்டத்துக்குச் சிறுத்தைத் தலை முத்திரை இடப்பட்டது. 1363இல் செய்தவனின் சொந்த முத்திரையும் கட்டாயமாயிற்று. 1478இல் ஆண்டெழுத்து வந்தது. ஆண்டுக்கு ஓர் எழுத்தாக இலண்டனில் 20 எழுத்துக்கள் சுழன்று வரும்; சுற்று முடிந்ததும் எழுத்தின் வடிவத்தை மாற்றி மீண்டும் தொடங்குவர். 1544இல் நடக்கும் சிங்கத்தின் உருவமும் சேர்ந்தது. இவையெல்லாம் வாங்குவோன் ஏமாறாதிருக்கவும், தவறு நேர்ந்தால் பொறுப்பானவனைப் பிடிக்கவும் எழுந்த ஏற்பாடுகள். வரலாற்று மாணவனுக்கு அவை உதவுமென்று அவற்றை விதித்தோர் கனவிலும் கருதியிரார்.

காலப்போக்கில் அவ்வெழுத்துக்களின் வரிசையை மக்கள் மறந்தனர். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலே ஒக்டேவியஸ் மோகன் என்னும் பாராளுமன்ற உறுப்பினர் அவற்றை ஆராய்ந்து முறைப்படுத்தி வெளியிட்டார். 1905இல் சார்ள்ஸ் ஜக்சன் ஆங்கிலப் பொற்கொல்லரையும் அவர்தம் முத்திரைகளையும் பற்றிய பெருநூலை வெளியிட்டார். அதன்பின் கரண்டி சேர்த்தல் செல்வர் பொழுதுபோக்கு என்ற நிலையினின்றும் உயர்ந்து ஒரு கல்வியாகவே வளர்ந்தது.

பழைய கரண்டிகளுள் பெரிதும் விரும்பப்படுபவை அப்போஸ்தலர் கரண்டிகள். குழந்தையின் ஞானஸ்நானத்தின்போது ஞானப்பெற்றோர் அளித்த பரிசுகள் அவை. காம்பின் முடியிலே ஓர் அப்போஸ்தலரின் சிற்றுருவம் நிற்கும். திறவுகோல் தாங்கியவர் பேதுரு. கத்தி ஏந்தியவர் பர்த்தலமேயு. முழுத் தொகுதியிலே 13 கரண்டிகள் உண்டு. 1536ஆம் ஆண்டு முத்திரை பெற்ற அத்தகைய தொகுதியொன்று இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் இருக்கின்றது. ஆயினும் பிரியாது நிலைத்த தொகுதிகள் மிக அரியவை.

உலையின் கதை இனித் தொடங்குகின்றது. 1643ஆம் ஆண்டு, உள்நாட்டுப் போரின்போது, முதலாம் சார்ள்ஸ் மன்னன் ஒக்ஸ்போட்டிலே பாசறை கொண்டிருந்தான். படைக்குக் கூலி கொடுக்கப் பணமில்லை. அங்குள்ள கல்லூரிகளின் வெள்ளிப் பாத்திரங்களைக் கேட்டு வாங்கி, அந்நகரிலேயே நாணயம் அடித்தான். நூற்றாண்டுகளாகச் சேர்ந்த கிண்ணங்களும் தட்டுகளும் கரண்டிகளும் சில மாதங்களில் படைவீரர் சம்பளமாயின. கோப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் பழம்பொருள்கள் மட்டும் எவ்வாறோ தப்பின. அவற்றுள் முடியில் ஆந்தை உருவம் கொண்ட ஆறு கரண்டிகள், பேராயர் ஒல்டம் அளித்தவை, இன்றும் உள்ளன.

அந்நூற்றாண்டின் இறுதியிலே காரியம் தலைகீழாயிற்று. மக்கள் நாணயத்தின் ஓரத்தை வெட்டியும், நாணயத்தையே உருக்கியும், பண்டம் செய்யத் தொடங்கினர். இரண்டுக்கும் மாற்று ஒன்றாக இருந்தமையே காரணம். 1697இல் பாராளுமன்றம் பண்ட வெள்ளியின் மாற்றை 958க்கு மேலாக உயர்த்தியது. நாணயத்தை அப்படியே உருக்கிக் கரண்டி செய்ய முடியாதவாறு செய்த தந்திரம் இது. 1720 வரை இவ்விதி நிலைத்தது. அக்காலக் கரண்டிகளில் சிறுத்தையும் சிங்கமும் நீங்கி, பிரித்தானியா என்னும் பெண்ணுருவமும் அறுந்த சிங்கத்தலையும் காணப்படும்.

முட்கரண்டி இவர்களுக்குப் பிந்தியே வந்தது. 1611இல் தொமஸ் கொரியற் என்னும் பயணி இத்தாலியரின் முட்கரண்டியைப் புகழ்ந்து எழுத, அவரை நண்பர் நகையாடினர். (இவரே பின்னர் இந்தியாவுக்கு வந்து 1617இல் சூரத்திலே இறந்தவர்.) பிரதானமாக எஞ்சியுள்ள பழைய ஆங்கில வெள்ளி முட்கரண்டியின் முத்திரை ஆண்டு 1632.

அகப்பைகளுள் சுவையான வரலாறுடையது 'பஞ்ச்' அகப்பை. சாராயம், சீனி, எலுமிச்சைச்சாறு, நீர், வாசனைச்சரக்கு ஆகியவற்றைக் கலந்த இப்பானத்தை ஆங்கில வணிகர் 17ஆம் நூற்றாண்டில் கீழைநாட்டிலிருந்து கொண்டு சென்றனர். பெயரும் ஐந்து என்னும் பொருளுடைய இந்தியச் சொல்லின் வழிவந்தது என்பர். சூடான பானத்தை மொள்ளும்போது வெள்ளிக் காம்பு கையைச் சுடும். ஆதலினாலே திமிங்கிலத்தின் வாய்த் தகட்டை முறுக்கிக் காம்பாகப் பொருத்தினர். சிலவற்றின் கிண்ணத்தடியிலே நாணயமொன்று பதிக்கப்பட்டிருக்கும். நாணயத்தையே அடித்து விரித்துக் கிண்ணமாக்கியதும் உண்டு. அதன் ஓரத்திலிருந்த எழுத்துக்கள் அகப்பையின் விளிம்பிலே தெரியும். சட்டம் தடுக்க முயன்றதைச் சுத்தியல் வெளிப்படையாகவே செய்தது!

தேயிலைக் கரண்டியும் இவ்வாறே காலத்தைக் காட்டும். சீனத் தேயிலை விலையுயர்ந்திருந்த 18ஆம் நூற்றாண்டிலே அதனைப் பெட்டியில் இட்டுப் பூட்டினர். அளந்தெடுக்கச் சிப்பி, இலை, குதிரையோட்டியின் தொப்பி முதலிய வடிவங்களிலே சிறு கரண்டி செய்தனர். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் இலங்கையின் லூல்கந்துரையிலே தேயிலை பயிரிட்டபோது அந்தப் பூட்டுக்குத் தேவை குறைந்திருந்தது.

கரண்டி செய்தோருள் ஹெஸ்டர் பேட்மனை மறத்தலாகாது. கணவனை இழந்த அவர் 1761இல் தமது பெயரின் முதலெழுத்துக்களை முத்திரையாகப் பதிவு செய்தார். எழுத்தறியாதவர் என்பர். தொடக்கத்தில் கரண்டிகளே அவருடைய முக்கிய வேலை. பின்னர் அவர் குடும்பத் தொழிற்சாலை இலண்டனில் பெயர் பெற்றது.

முத்திரைக்கு மதிப்பு வந்தால் பொய் முத்திரையும் வருமன்றோ? 1720இல் வெள்ளிப் பண்டத்துக்கு அவுன்சுக்கு 6 பென்சு வரி விதிக்கப்பட்டதும், சில கொல்லர் சிறு பண்டத்துக்கு முத்திரை பெற்று, அதை வெட்டியெடுத்துப் பெரும் பண்டத்திலே பொருத்தினர். பின்பு முத்திரையைப் போலி செய்வோருக்கு மரண தண்டனையே விதிக்கப்பட்டது. 1773இல் அது 14 ஆண்டு நாடுகடத்தலாகத் தணிந்தது. பிற்காலத்துப் போலி வேறு வகையினது. 18ஆம் நூற்றாண்டுச் சாதாரணக் கரண்டியை அடித்து வளைத்து, முடியிலே உருவமொன்றை ஒட்டி, அப்போஸ்தலர் கரண்டியென விற்றனர். ஆனால் மெய்யான பழங்கரண்டியிலே சிறுத்தைத் தலை கிண்ணத்தின் உள்ளேயும் ஏனையவை காம்பிலும் இருக்கும். போலியிலோ முத்திரைகள் எல்லாம் காம்பிலே ஒரே வரிசையாக நின்று காட்டிக்கொடுக்கும்.

இதனினும் வருத்தத்துக்குரியது விக்டோரியா காலத்து 'அழகுபடுத்தல்'. மக்கள் எளிய வடிவத்தை வெறுத்தமையால், பழைய கரண்டிகளின் கிண்ணத்திலே பழமும் இலையும் புடைத்தெழச் செதுக்கிப் பொன் முலாம் பூசினர். அவை ஏமாற்று அல்ல, அக்கால நாகரிகம். ஆயினும் ஒரு கரண்டியின் உண்மையான அழகு அதன் தேய்விலேயே உள்ளது. வலக்கையால் உண்டோர் தலைமுறை தலைமுறையாகத் தட்டைச் சுரண்டியதனால் கிண்ணத்தின் நுனி இடப்பக்கமாகத் தேய்ந்திருக்கும். காம்பின் பின்புறத்தே மூன்று எழுத்துக்கள் முக்கோணமாக இருப்பின், மேலே குடும்பப் பெயரும் கீழே கணவன், மனைவி பெயர்களின் முதலெழுத்துக்களும் என்று கொள்ளலாம். உளியும் முலாமும் இவற்றை மூடிவிடுகின்றன.

உலை அணைந்துவிடவில்லை. 1979ஆம் ஆண்டின் தொடக்கத்திலே அவுன்சு 6 டொலர் அளவில் விற்ற வெள்ளி, அமெரிக்கச் செல்வரான ஹன்ட் சகோதரர் பெருமளவில் வாங்கிக் குவித்தமையால், 1980 சனவரியிலே 50 டொலரை நெருங்கியது. கரண்டியின் வயதையும் செய்தவன் பெயரையும் நோக்காது, எடையை மட்டும் நோக்கி விற்றனர். முத்திரையோடு கூடிய பழம்பொருள்கள் பல அவ்வாறு உருகி வெறும் கட்டியாயின. மார்ச்சு 27ஆம் நாள் விலை 11 டொலருக்குக் கீழே வீழ்ந்தது.