தோட்டப்புறத்துச் செய்தியும் அதன் நம்பகமும்

லங்காட் ஆறு கடலையடையும் இடத்தில், கிள்ளானுக்குத் தெற்கே கிடப்பது கேரி தீவு. எட்வர்ட் வாலன்டைன் கேரி என்னும் ஆங்கிலத் தோட்டக்காரரின் பெயரால் அது வழங்குகிறது. அவருக்கு முன்பே அங்கு வாழ்ந்த மா மெரி மக்கள் இன்றும் வாழ்கின்றனர். ரப்பரும் பின்னர் செம்பனையும் அத்தீவை நிறைத்தன. அத்தகைய தோட்டப்புறங்களில் அரிசி வருவதும் கள் வருவதும் தோட்ட நிருவாகத்தின் வழியே. செய்தி மட்டும் வேறு வழியில் வந்துவிடுமா?

தொலைக்காட்சிச் செய்தி ஒரு கட்சிக்குச் சார்பாக இருக்கிறதா, அதை நம்பலாமா என்று இன்று வாதிடுவோர் இது தொலைக்காட்சியோடு பிறந்த வினா என எண்ணுகின்றனர். கிள்ளான், கோலலங்காட் வட்டாரத் தமிழர் இவ்வினாவை 1941-ஆம் ஆண்டிலேயே சந்தித்துவிட்டனர்.

அவ்வாண்டின் முற்பகுதியில் ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும் என்பது முதன்மையான கோரிக்கை. ஆயினும் அப்பட்டியலை முழுதும் படித்தால்தான் அக்காலத்து வாழ்க்கை விளங்கும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பெண்களிடம் தகாத முறையில் நடப்பது நிற்க வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும். பேச்சுரிமையும் கூட்டம் கூடும் உரிமையும் வேண்டும். இவற்றோடு இன்னொன்று: துரையையோ கிராணியையோ எதிரே கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். கூலிக்கணக்கில் அடங்காத இந்த அவமானத்தை எந்த அரசாங்க அறிக்கை தானாக எடுத்துச் சொல்லியிருக்கும்?

எடுத்துச் சொல்லியவர்களுள் ஒருவர் ஆர். எச். நாதன். 1924-இல் தோன்றிய 'தமிழ் நேச'னில் உதவியாசிரியராகப் பணியாற்றியவர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தை முன்னின்று நடத்தியவரும் அவரே. செய்தி எழுதுபவரே போராட்டத்துக்கும் தலைவர் என்றால் இது சார்பு அல்லவா என்று கேட்கலாம். சார்புதான். அதை மறைப்பதற்கில்லை. ஆனால் எதிர்த்தரப்பு எங்ஙனம் இருந்தது? வெளியாட்களின் தூண்டுதலே வேலைநிறுத்தத்துக்குக் காரணம் என்று தோட்டமுதலாளிகளும் ஆட்சியாளரும் கூறினர். சைக்கிளைவிட்டு இறங்குவது இழிவு என்பதை வெளியாள் வந்தா கற்பிக்க வேண்டும்? மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரிப் போராட்டம் மேலும் பரவியது. இராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர், நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் சூழ்ந்திருந்து கேட்பதே தோட்டப்புறத்தில் செய்தித்தாள் பரவிய முறை. படிப்பவர் பெரும்பாலும் தோட்டப் பள்ளி ஆசிரியர். அவரோ அத்தோட்ட நிருவாகத்தின் ஊதியத்தை நம்பி வாழ்ந்தவர். கேட்டவர்களுக்கு அவருடைய இக்கட்டும் தெரியும். படிக்கப்பட்டது தம் லயத்தில் நடப்பதோடு பொருந்துகிறதா என்பதும் தெரியும். பொருந்தியதால் நம்பினர். எழுதியவர் நடுநிலையாளரா என்ற ஆராய்ச்சி அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

போருக்குப் பின் நிலைமை மாறிற்று. 1948-இல் தொடங்கிய அவசரகாலத்தில், பலர் கூடிக் கேட்கும் வானொலிப் பெட்டிகளை அரசாங்கமே ஊர்ப்புறங்களுக்குக் கொண்டுசென்றது. 1963 டிசம்பர் 28-இல் கோலாலம்பூரில் தொலைக்காட்சி தொடங்கியபோது, அதுவும் அரசாங்கத்தின் கையிலேயே இருந்தது. 1984-இல் வந்த மூன்றாம் அலைவரிசை தனியாருடையது என்றாலும், அதன் உடைமை ஆளுங்கட்சிக்கு நெருக்கமானவர்களிடமே இருந்தது. பெட்டியில் குரல் ஒன்று கேட்கும். கேட்பவர் திருப்பிக் கேட்க முடியாது. சொன்னவை பொய் என்பதைவிட, சொல்லாமல் விட்டவை பல என்பதே அச்செய்திகளைப்பற்றிய நியாயமான குறை.

2007 நவம்பர் 25-இல் இந்தியர் பல்லாயிரவர் கோலாலம்பூர்த் தெருக்களில் திரண்டனர். அன்று நடந்ததைக் கண்ணால் கண்டவர்கள், வீடு திரும்பிப் பெட்டியில் கண்டதோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தனர். 1941-இல் செய்தித்தாளைச் சூழ்ந்திருந்தவர்கள் செய்ததும் இதே ஒப்பீடுதான். விடை மட்டும் நேர்மாறாயிற்று. 2008 மார்ச் 8 தேர்தலில் ஆளுங்கூட்டணி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. செய்தித்தாளும் தொலைக்காட்சியும் போதும் என்று எண்ணி, இணையத்தையும் கைப்பேசிக் குறுஞ்செய்தியையும் பொருட்படுத்தாமல் விட்டது பெரும் பிழை என்று அம்மாதமே பிரதமர் அப்துல்லா படாவி ஒப்புக்கொண்டார். கருவியைத் தவறாகத் தேர்ந்ததாக அவர் கருதினார். அவருடைய கணிப்பு பாதிதான் சரி என்பது என் கருத்து. நாதன் எழுதிய காலத்தில் குறுஞ்செய்தி ஏது?