திறந்த காக்பிட் பந்தயக் கார்களில் தலைக்காப்பு

கூரையில்லாத ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் ஓட்டுநரின் உடல் சட்டகத்துக்குள் இருக்கும். தலை மட்டும் வெளியே தெரியும். அதைக் காக்கும் ஏற்பாடுகள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன. ஃபார்முலா ஒன்னில் ஹெல்மெட் 1952-இலும், கழுத்தைப் பிடித்துக்கொள்ளும் ஹான்ஸ் 2003-இலும், தலையைச் சுற்றி நிற்கும் ஹேலோ 2018-இலும் கட்டாயமாயின.

தமிழகத்தில் இவ்வகைக் கார்களின் வரலாறு சோழவரத்தில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமாயிருந்த அவ்விடத்தில், 1953-இல் அமைந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்களை நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் உருவானது. கார்களை இங்கேயே கட்டிய பெருமை கோயம்புத்தூர் எஸ். கரிவரதனுக்கு உரியது. மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினைக் குழாய்ச் சட்டகத்தில் பொருத்தி, 1988-இல் அவர் கொண்டுவந்த ஃபார்முலா மாருதி, வசதி குறைந்த இளைஞர்களுக்கும் பந்தயக் கதவைத் திறந்தது. 1995-இல் விமான விபத்தில் அவர் மறைந்தது இத்துறைக்குப் பேரிழப்பு. செட்டிப்பாளையத்தில் உள்ள தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பின்னாளில் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய நரேன் கார்த்திகேயன் பந்தயம் பழகியதும் ஃபார்முலா மாருதியில்தான்.

அக்காலக் கார்களில் ஓட்டுநரின் தலைக்கு ஹெல்மெட்டும் பின்னால் எழும் ரோல் வளையமுமே துணை. கார் கவிழ்ந்தால் வளையம் எடையைத் தாங்கும். முன்னிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வருவதைத் தடுக்காது. இக்குறையை உலகுக்குக் காட்டிய நிகழ்வுகளில் ஒன்றில் சிக்கியவர் சென்னையின் கருண் சந்தோக். 2010 மே 16 அன்று மொனாக்கோ ஃபார்முலா ஒன் பந்தயத்தில், ராஸ்காஸ் வளைவில் யார்னோ ட்ரூலியின் கார் சந்தோக்கின் காக்பிட் மீது ஏறிச் சென்றது. தலைக்கு மிக அருகில் கடந்தும் அவர் காயமின்றித் தப்பினார். எல்லோருக்கும் அது வாய்க்கவில்லை. 2009 ஜூலையில் பிராண்ட்ஸ் ஹாட்சில் கழன்று வந்த சக்கரம் மோதி ஹென்றி சர்டீஸ் இறந்தார். ஆறே நாளில் ஹங்கேரியில் ஒரு ஸ்பிரிங் தாக்கி ஃபெலிப்பே மாசா படுகாயமடைந்தார்.

ஹேலோ என்பது முன்பக்க நடுவில் ஒற்றைத் தூண் கொண்ட டைட்டானியக் குழாய் வளையம். எடை ஏழு கிலோ அளவே. தாங்குவதோ சுமார் 12 டன் பாரம். காரின் அழகையும் மரபையும் கெடுக்கிறது என்ற எதிர்ப்பு, 2020 நவம்பரில் பஹ்ரைனில் இரும்புத் தடுப்பைப் பிளந்து எரிந்த காரிலிருந்து ரொமேன் குரோஷான் உயிருடன் இறங்கியபோது அடங்கியது. சிறிய பொருள்கள் ஹேலோவின் இடைவெளியில் புகக்கூடும். அதற்காகவே ஹெல்மெட்டுகள் இப்போது 225 கிராம் எறிபொருளை மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதிக்கப்படுகின்றன.

கார்த்திகேயன் 2018 வரை ஜப்பானின் சூப்பர் ஃபார்முலாவில் ஓட்டினார். ஹேலோ அத்தொடருக்கு மறு ஆண்டே வந்தது. இந்திய ஃபார்முலா 4 தொடரின் மைகேல் கார்களில் ஹேலோ உண்டு. 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் அவையும் ஓடின.